இடது சீட்டு நீதிபதி

என் வீட்டுக்காரர் தெமிர்கானுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பது வருஷத்தைக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தே தேய்த்திருக்கிறார். ஓட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மலையூர் தலாஸில் ஓடுகிற கார்களில் பாதி ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்கு. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும். சாலையிலும் நாங்கள் வலப்பக்கமாகவே போகிறோம். முன்னால் போகிற லாரியை முந்தப் பார்த்தால் ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். பீன்ஸ் வியாபாரிகளோடு தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய் அந்த ஒரு "போ"வைச் சொல்லிவிட்டு வந்ததுதான் இவர் பார்த்த உத்தியோகம்.

அதை வைத்துக்கொண்டு ஊருக்கே நீதிபதி ஆகிவிட்டார். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் நெடுஞ்சாலைக்கு லாயக்கா என்று இவர் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். ஒரு குளிர்காலம் பூராவும் பனியில் ஓட்டியிருக்க வேண்டுமாம். பின்சீட்டில் மாமியார் திட்டினாலும் தலையைத் திருப்பக் கூடாதாம். முக்கியமாக, பக்கத்துச் சீட்டில் இருப்பவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டுமாம். இந்த மகான் பிஷ்கெக் வழியில் ஏறி இறங்க வேண்டிய தோ-அஷூ மலைக்கணவாயில் ஒரு தடவைகூட ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு மருமகள் புருல் போன குளிர்காலத்துக்குப் பிறகுதான் லைசென்ஸ் எடுத்தாள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை. மகள் மீரிமுக்கு ஆறு வயது, காதில் சீழ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிஷ்கெக் டாக்டரிடம் காட்ட வேண்டும். கணவாய் ஏற ஏற குழந்தைக்குக் காது வலி உயிர் போகும். ஷேர் டாக்ஸிக்காரன் வண்டியை நிறுத்துவானா? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பான். அதனால்தான் தானே ஓட்டிக்கொண்டு போக நினைத்தாள். கார் மாமனார் ஜுமாஷ் பெரியவருடையது. அவரோ சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "தெமிர்கான் சரின்னு சொல்லட்டும், தர்றேன்" என்றுவிட்டார்.

அப்படித்தான் சோதனை ஓட்டம் நடந்தது. புருல் ஓட்டினாள், இவர் இடது சீட்டில். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நான். மீரிம் காதைப் பொத்தியபோதெல்லாம் புருல் ஓரங்கட்டி நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, வலி அடங்கியதும் எடுத்தாள்.

"இது மூணாவது தடவை, தங்கச்சி. நெடுஞ்சாலையா, பஸ் ஸ்டாண்டா?" என்றார் இவர்.

"பிள்ளை அழறா, அண்ணே."

"அழட்டும். நுரையீரல் பலப்படும்."

இப்படிச் சொன்ன மனுஷர் சூசாமிர் மேய்ச்சல்வெளியில் ஒரு கூடாரத்தைப் பார்த்ததும் கை காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு ஏப்பம் விட்டபடி வந்து ஏறினார். அந்த நிறுத்தம் கணக்கில் வராது போலிருக்கிறது.

கணவாய் ஏற்றத்தில் ஒரு நிலக்கரி லாரி முன்னால் முக்கிக்கொண்டு போனது. வளைவுக்குச் சற்று முன்னால், சாலையோரம், விபத்தில் போன யாரோ ஒருவனுக்கு நட்ட நினைவுக்கல். எங்கள் ஜனம் அப்படிக் கல்லைக் கண்டால் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிப் பிரார்த்திக்காமல் போகாது. இவரும் கையை ஏந்தினார்.

"அண்ணே, எதிரே ஏதாவது வருதா?" என்று புருல் கேட்டாள்.

"போ!"

சத்தம் உள்ளங்கைக்குள்ளிருந்து வந்தது. முகம் முழுக்கக் கை, கை முழுக்க முகம். புருல் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டாள். லாரிக்குப் பின்னாலேயே இருந்தாள்.

"போன்னா போ! என்ன பயம்?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வளைவிலிருந்து ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டபடி எங்களைக் கடந்து போனது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் மட்டும் கையைக் கீழே இறக்கி, நிதானமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் ஜுமாஷ் பெரியவர் வீட்டில் தேநீரோடு தீர்ப்பு.

"நல்ல பொண்ணுதான், பெரியப்பா. ஆனா நெடுஞ்சாலைக்கு இன்னும் பக்குவம் வரல. வழியெல்லாம் நிறுத்துறா. போன்னு சொன்னா போகமாட்டேங்குறா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

மருமகள் மாமனார் முன்னால் வாதாடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. புருல் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்; கிண்ணம் வழிந்ததுகூடத் தெரியவில்லை அவளுக்கு. அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பிள்ளை டாக்ஸியில் கத்திக்கொண்டே போக வேண்டுமாம்.

"பெரியப்பா, இவரு ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டுதான் போன்னு சொன்னாரு. அவ அதக் கேட்டுப் போயிருந்தா உங்க பேத்திக்கும் அங்க ஒரு கல்லு நட்டிருப்பீங்க" என்றேன்.

பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நெசமாடா?"

"செத்தவங்களுக்கு மரியாதை செய்ய வேணாமா?" என்றார் நீதிபதி.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மருமகள் பக்கம் தள்ளினார்.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, போகட்டும். இடது சீட்டுல யாரு உக்காருவா?"

"நான்."

"உனக்கு என்னடி தெரியும்?"

"கண்ணத் தொறந்து வச்சுக்கத் தெரியும்."