பாதி ஆற்றில் திரும்பிய பால் புட்டி

கொள்ளிடத்தில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடிய ஓர் ஆடி மாதம் அது. திருமானூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் நடந்தது.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். மகளிர் குழு மூலமாக ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டு, அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்து அடிக்கிறேன். கூட வருவது என் சின்ன நாத்தனார். நான் ரிமோட்டையும் காட்டையும் பார்ப்பேன். அவள் வானத்தை மட்டும் பார்ப்பாள். "மேல காலியா?" என்று நான் கேட்டு, அவள் "காலி" என்று சொன்னால்தான் கிளப்புவேன். இது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். கல்யாண வீடியோ எடுப்பவர், நிலம் அளப்பவர் என்று ஆளாளுக்கு ட்ரோன் வைத்திருக்கிறார்களே, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் என்ன ஆவது? "அண்ணாந்து பாக்குறதுக்கெல்லாம் ஒரு சம்பளமா?" என்று ஊரில் அவளைக் கேலி செய்வார்கள். பதிலுக்கு அவளும் சும்மா விடமாட்டாள்.

அன்று திடீரென்று ஏறிய தண்ணீரில், ஆற்று நடுவே ஒரு திட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த குடும்பம் மாட்டிக்கொண்டது. கணவர் சாமான் வாங்கக் கரைக்கு வந்திருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் ஆடுகளோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். தண்ணீரின் இழுப்பில் படகு விட முடியவில்லை. ஹெலிகாப்டர் கேட்டிருக்கிறோம், அதுவரை சாப்பிட ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று தாலுகா ஆபீஸ் அதிகாரி எனக்குப் போன் செய்தார்.

மருந்து டேங்கைக் கழற்றிவிட்டு, நீளமான கயிற்றில் பை கட்டிக் கிளப்பினேன். முதல் நடையில் தண்ணீரும் ரொட்டியும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண் பையை அவிழ்த்துக்கொண்டதும் கரையில் ஒரே கைதட்டல். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதும் உண்மை.

அடுத்த நடையில் குழந்தைக்குப் பால் புட்டி. பாதி ஆறு தாண்டியிருக்கும். "அண்ணி, பெரிய சத்தம் வருது. திருப்பிருங்க" என்றாள் நாத்தனார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் சொல்லிவிட்டால் அப்புறம் யோசிப்பதில்லை. ஆள் இருக்கிற வண்டி வானத்தில் வந்தால், ஆளில்லாத நம் வண்டிதான் ஒதுங்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். திட்டில் அந்தப் பெண் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் பார்க்கப் பார்க்கவே திருப்பினேன்.

"என்னம்மா பண்ற? எம்புள்ள பசியில கெடக்குது, இன்னும் கொஞ்ச தூரந்தான!" என்று கணவர் ஓடி வந்தார். "ஹெலிகாப்டர் வருதுங்க. இது மேல இருந்தா அது கிட்ட வராதுங்க" என்றேன். அவர் காதில் ஏறவில்லை. "நீயும் புள்ள பெத்தவதான?" என்று கேட்டார். கூட்டமும் அவரோடு சேர்ந்து என்னைத் திட்டியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ட்ரோனை இறக்கி, விசிறி நின்ற பிறகுதான் தலை நிமிர்ந்தேன்.

ஹெலிகாப்டர் வந்தது. திட்டை நோக்கித் தாழ்ந்தது. பிறகு என்ன நினைத்ததோ, விலகி மேலே போய்விட்டது. அதிகாரி போனில் பேசிவிட்டு, "கீழ ஏதோ பறக்குதாம். அது இருக்குற வரைக்கும் வரமாட்டாங்களாம்" என்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் ட்ரோன் தரையில் கிடந்தது.

"அதோ, வெள்ளையா சின்னதா ஒண்ணு" என்று நாத்தனார் கை நீட்டினாள். கூட்டத்தில் யாரோ ஒரு வெளியூர்க்காரர் கையில் ரிமோட்டோடு, குனிந்த தலை நிமிராமல் அதை ஓட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இறக்கச் சொன்னேன். "லைவ் போயிட்டிருக்குங்க. அது எவ்ளோ பெருசு, இது அதை என்ன பண்ணப் போவுது?" என்றார். ஹெலிகாப்டரின் விசிறிக்குள் இது போனால் என்ன ஆகும் என்று விளக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் என்னைத் திட்டிய அந்தக் கணவர் குறுக்கே வந்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். "தம்பி, எம்புள்ளைக்குக் கொண்டுபோன பாலையே இந்தப் பொண்ணு பாதியில திருப்பிடுச்சு. நீ ஒன் வீடியோவ எறக்க மாட்டியா?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அந்த ஆள் இறக்கிவிட்டார்.

நாத்தனார் நெற்றியில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வானம் முழுக்கப் பார்த்தாள். "மேல காலி." அதை அதிகாரி அப்படியே போனில் சொன்னார். ஹெலிகாப்டர் திரும்பி வந்து கயிறு இறக்கித் தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டது. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பத்திரமாக இறங்கினார்கள். ஆடுகளைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் மீட்க முடிந்தது.

நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது கணவர் மூச்சிரைக்க வந்து, "அந்தப் பால் இருக்குதாம்மா?" என்று கேட்டார். அவிழ்த்துக் கொடுத்தேன். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினார். என் கையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் அழுதாள். நானும் அழுதேன்.

எத்தனையோ ஏக்கருக்கு மருந்து அடித்திருக்கிறேன். ஆனாலும் நான் ஒரு பைலட் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போதெல்லாம், கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்த அந்த ஒரு நடைதான் நினைவுக்கு வருகிறது.