பவுடர் பூசிய பலகை

பவுடர் டப்பாவைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும் முன்னால் யாராவது என் கன்னத்தில் பவுடரை அப்ப வந்தால் கையைத் தட்டிவிட்டுவிடுவேன். சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியாகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போது ஆலங்குடியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், பெற்றவர்களெல்லாம் வரலாம் என்றார்கள். டிராயிங் வாத்தியார் வகுப்புக்கு வந்து சொன்னார்: "கடையில வாங்குன கலரு ஒண்ணும் கூடாது. ஒங்க வீட்டுல, தோட்டத்துல என்ன கெடக்கோ அதை வெச்சு ஒங்க முகத்தைச் செஞ்சுட்டு வாங்க. பாத்ததும் இது இன்னாருன்னு தெரியணும்."

இதைச் சொன்னவர் அவர்தான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தி தேங்காய் ஓட்டில் கண்ணும் மூக்கும் வைத்தாள். இன்னொருத்தி சோளத்தட்டையைப் பிளந்து ஒட்டினாள். என் வீட்டில் இருந்தது முந்திரிக்கொட்டை எண்ணெய். என்னைப் பெற்ற ஆத்தா கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். கொட்டையை வறுக்கும்போது ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் கன்னங்கரேலென்று இருக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் தோல் வெந்து, கறுத்து, உரியும். கதவில் கரையான் ஏறாமலிருக்கப் பூசுவதற்காக அந்த எண்ணெயைக் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவருவாள்.

ஒரு பழைய பலகையை எடுத்தேன். பனைமட்டையின் நுனியை நசுக்கிப் பிரஷ் செய்துகொண்டேன். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து என் முகத்தை அந்த எண்ணெயில் எழுதினேன். கண்ணுக்குச் சுண்ணாம்பு, ரவிக்கைக்குச் செம்மண். காதுத் துளை தூர்ந்துவிடாமலிருக்க நான் செருகியிருந்த வேப்பங்குச்சியைப் போலவே பலகையிலும் ஒரு குச்சியை ஒட்டினேன். மணிக்கட்டில் எண்ணெய் பட்டுக் கொப்பளித்தது. வலித்தாலும் விடவில்லை. எட்டிப் பார்க்க வந்த ஆத்தாவை, "கண்காட்சியில வந்து பாரு" என்று விரட்டிவிட்டேன். அவள் எண்ணெயில் அவள் பெண் முகம் எழுதியிருக்கிறது, அதை அவள் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பரிசெல்லாம் யாருக்கு வேண்டும்?

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் பலகையில் ரோஸ் நிறத்தில் எவளோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கக் கடைக் கலர். உதட்டில் சிவப்பு. வேப்பங்குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கம்மல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக வாத்தியாரிடம் போனேன். அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். "போட்டோ எடுக்கப் போனா பவுடர் பூசிக்கிட்டுத்தானே போவே? நாலு பேரு வர்ற எடம். ஒனக்கு நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ஆளுக்கு உண்மையிலேயே எனக்கு உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு. அதுதான் பொறுக்கவில்லை.

அதற்குள் ஆத்தா வந்துவிட்டாள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வெளுத்த சேலை கட்டி, இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் பலகை முன்னால் நின்றாள்.

"இந்தப் பொண்ணு லச்சணமா இருக்குடி. ஒன்னுது எங்கிட்டு வெச்சிருக்காங்க?"

தாவணி நுனியை எச்சிலில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். எண்ணெய் மேல் அந்தக் கலர் எங்கே ஒட்டும்? நெற்றி கறுப்பாக வெளியே வந்தது. அப்புறம் ஒரு கன்னம். ஆத்தாவுக்கு இப்போது புரிந்துவிட்டது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டென்று குனிந்து என் காதோரம் சொன்னாள்: "விடுடி. அப்புடியே இருக்கட்டும். செவப்பா இருந்தாத்தான் நல்லாருக்கு. நாளைக்கு ஒன்னப் பொண்ணு கேட்டு வர்றவுக இங்க இருந்தாலும் இருப்பாங்க."

வாத்தியார் மேல் இருந்த கோபமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் யாரோ. இவள் எண்ணெயிலேயே வெந்தவள். இவளுமா?

மிச்சத்தையும் அழுத்தித் துடைத்தேன். ரோஸ் கலர் தாவணியெல்லாம் ஆனது. கம்மலும் போனது. அங்கிட்டும் இங்கிட்டும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வாத்தியார் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஆத்தாவின் கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே இழுத்து, பலகையில் என் கன்னத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். கை எது, கன்னம் எது என்று தெரியாத கறுப்பு.

"கையை விடுடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

"பாக்கத்தானே வெச்சிருக்கு, ஆத்தா" என்றேன். விடவில்லை.