பக்கத்து வயல் ஆண் நாற்று

ஜம்மிகுண்ட்டா பக்கம் கம்பெனிக்கு விதைநெல் போடுகிறவர்களில் போசவ்வாவைப் போல வயிற்றெரிச்சல் பிடித்தவளை நான் பார்த்ததில்லை. எரிச்சல் முழுக்க ஓரகத்தி லச்சவ்வா மேல்தான். மக்காச்சோளக் கொல்லைக்கு இந்தப் பக்கம் இவள் வயல், அந்தப் பக்கம் அவள் வயல். இந்த முறை விதை தேறாவிட்டால் கம்பெனி தன்னைக் கழித்துவிட்டு அவளை மட்டும் வைத்துக்கொள்ளும் என்ற பயம் வேறு. என் நிலத்தைக் கம்பெனி திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நான் இவர்களிடம் கூலிக்குக் கயிறு இழுப்பவள்.

இருவருக்கும் ஒரே பெண் நாற்றுதான். அதற்குச் சொந்த மகரந்தம் கிடையாது. நடுநடுவே ஆண் நாற்றை நட்டு, பூக்கும்போது குறுக்கே கயிறு இழுத்து மகரந்தத்தை உதறிவிட வேண்டும். போசவ்வாவின் ஆண் நாற்று மஞ்சளடித்துக் கிடந்தது. லச்சவ்வாவுடையது கருகருவென்று நின்றது.

"பாத்தியாடி, அவளுக்கு மட்டும் நல்லதாப் பொறுக்கிக் குடுத்திருக்கானுங்க," என்றாள் போசவ்வா. மறுநாள் விடியுமுன் போய் அந்த ஆண் நாற்றைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கி வந்து, தன் மஞ்சள் நாற்றைக் களைந்தெறிந்துவிட்டுத் தன் வயலில் நட்டுவிட்டாள்.

மணி பிடித்ததென்றால் அப்படிப் பிடித்தது. போசவ்வா கதிரைத் தலையில் சுமந்துகொண்டு வேண்டுமென்றே ஓரகத்தி வாசல் வழியாக நடந்தாள்.

கம்பெனி ஆள் சாரய்யா அந்த விதையில் ஒரு பிடி விதைத்துப் பார்த்தார். கதிரெல்லாம் பதர்.

"ஏம்மா, யார் நாத்தை நட்ட?" என்றார். "பெண் பயிரோட உயிரணுவுல மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு. தாய்கிட்டருந்து மட்டும் வர்றது. மகரந்தத்தை மலடாக்குறது அதுதான். அதை அடக்குற மரபணு உட்கருவுல இருக்கணும். மாமியா மருமக கதைதான். அது ஒரு குறும்பு பண்ண, இது ஒரு கடிவாளம் போட, காலங்காலமா ஒண்ணைப் பாத்து ஒண்ணு மாறி வந்ததுங்க. உனக்குக் குடுத்த ஆண் நாத்துல அந்தக் கடிவாளம் இருந்துச்சு. லச்சவ்வாவோடதுல கிடையாது. அது பெண் விதையையே பெருக்கக் குடுத்தது. அதுல பொறக்கறது மலடாத்தான் இருக்கும்."

வரப்பில் நின்ற லச்சவ்வா சாவகாசமாகச் சொன்னாள்: "நாத்து குறைஞ்சது அன்னைக்கே தெரியும். சேத்துல உன் காலடி கிடந்துச்சே."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"அது வேற நாத்து, உனக்கு ஆகாதுன்னு சொல்லத்தான் வந்தேன். உன் வயலு என்னோடதைவிட நல்லாப் பூத்து நின்னுச்சு. வயிறு எரிஞ்சுது. அனுபவிக்கட்டும்னு திரும்பிட்டேன்."

சாரய்யா இருவரையும் கழித்துவிட்டார். இந்தப் போகம் விதை என் நிலத்தில். கயிறு இழுக்கும்போது நிமிர்ந்தால், ஓரகத்திகள் இருவரும் வரப்பில் தோளோடு தோள் உரசி நின்று என் கதிரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.