பின்னறையில் ஓர் ஒத்திகை

கொரோனா காலத்தில், கொழும்பில் ஊரடங்கைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்த நாட்களில் நடந்தது இது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தோம்.

என் ஒரே மகளுக்கு இங்கிலாந்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளினால் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் என் அண்ணா "அனுப்பு" என்றார். லண்டனில் இருக்கும் மச்சாள் "உனக்கென்ன விசரே?" என்றாள். எனக்கோ வேறொரு பயம். அங்கே போய் இறங்கியதும் இரண்டு கிழமை, பதினான்கு நாள், தனியறையில் அடைபட்டிருக்க வேண்டும். அந்த நேரம் உடம்புக்கு ஏதும் வந்தால் ஒரு வாய் சுடுதண்ணீர் கொடுக்க யார் இருக்கிறார்கள்? தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூடக் கழுவி வைக்காத பிள்ளை.

நான் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "முதல்ல இஞ்ச இருந்து காட்டு. பின்னறையில இரண்டு கிழமை. வெளியில வந்தால் போற கதையே இல்லை" என்றேன். அந்த அறையோடு குளியலறை உண்டு; சாப்பாட்டை வாசலில் வைப்பேன். அவள் உடனே ஓம் என்றாள். மூன்றாம் நாளே வெளியே வந்துவிடுவாள் என்று எனக்கு முழு நம்பிக்கை. என் கணவர் சிரித்தார். "இருந்து பாரும், நீர்தான் முதல்ல கதவைத் தட்டப்போறீர்."

சில நாள் போயும் அவள் அசையவில்லை. நண்டுக்கறி வைத்தேன். வாசம் கீழ்மாடி வரை போயிருக்கும். வழித்துத் துடைத்த தட்டு வெளியே வந்தது, பிள்ளை வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் குசினி யன்னலால் பார்த்தால், அவளுடைய அறையிலிருந்து கயிற்றில் ஒரு பை இறங்கிக்கொண்டிருக்கிறது. மரக்கறி விற்கிற வான் ஒழுங்கைக்குள் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் அப்படித்தான் பை இறங்கும். ஆனால் கீழே நின்றவர் மருந்துக்கடைக்காரர்! பொதியொன்றைப் பைக்குள் வைத்தார். "ஸ்தூதி அய்யே" என்று சிங்களத்தில் நன்றி சொல்லும் என் மகளின் குரல் மேலிருந்து சற்றுச் சோர்ந்து கேட்டது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "திற பிள்ளை! என்ன மருந்து அது?"

"திறக்க மாட்டன் அம்மா. ராத்திரியில இருந்து வயித்தால போகுது. டாக்டரோட போன்ல கதைச்சிட்டன். காய்ச்சல் இல்லை. பயப்பிடாதேங்கோ, கஞ்சி மட்டும் வையுங்கோ."

"ராத்திரியே ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"அங்க கூப்பிட ஏலாதுதானே அம்மா."

அந்த இடத்திலேயே, கதவடியில் உட்கார்ந்து அழுதேன். என் நண்டுக்கறி செய்த வேலையோ என்ற சந்தேகம் வேறு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கஞ்சி வைத்தேன். கணவரிடம், "டிக்கெட்டைப் போடுங்கோ" என்றேன்.

"இரண்டு கிழமை இன்னும் முடியேல்லையே?"

"எனக்கு முடிஞ்சுது."

அவளோ மிச்ச நாட்களையும் இருந்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். என் பிள்ளை அல்லவா!

இப்போது படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்க்கிறாள். அந்த நேரம் எப்படித் துணிந்து அனுப்பினீர்கள் என்று இன்றும் கேட்கிறார்கள். சரியான முடிவுதான் எடுத்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் இல்லாமலும் என் பிள்ளையால் சமாளிக்க முடியும் என்று தெரிந்த அந்த நிமிடத்தில் பெருமையும் வலியும் ஒன்றாக வந்தன. "சுகமா இருக்கிறன் அம்மா" என்று அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டும் இன்னமும் சேர்ந்தேதான் வருகின்றன.