அடையாறு வீட்டைக் காலி செய்தபோது

தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் இல்லத்தில் வேலை பார்த்தேன். மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று அப்போது சொல்வோம். அப்படி ஆறு பேர், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். பெற்றவர்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. சமையலுக்கு ஓர் அம்மாள் காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவாள். கூடவே தங்கியிருந்தவள் நான்.

அவர்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணா என்போம். ஆள் நல்ல உயரம், கனத்த உடம்பு, பேச்சு கிடையாது. மயிலாப்பூரில் அவருடைய அம்மா இருந்தவரை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு அக்கா கொண்டுவந்து விட்டாள். தண்ணி லாரி வரும் நாளில் அவருக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டு கையிலும் குடங்களைத் தூக்கிக்கொண்டு, தொண்டைக்குள் ஏதோ முனகியபடி தொட்டியை நிரப்புவார்.

கீழே இருந்த பாப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். வாய் ஓயாது. அண்ணாவுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். "அண்ணாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமாம்." "அண்ணாவுக்கு அந்தச் சட்டை பிடிக்கலையாம்." முதலில் நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

ஒரு தடவை அவர் சாப்பிட மறுத்துவிட்டு, கன்னத்தில் அறைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "இன்னாக்கா இது, காலைலேர்ந்து இப்டியே குந்திகினு கீறாரு," என்றாள் சமையல் அம்மாள். பிடிவாதம் என்று நானும் விட்டுவிட்டேன். பாப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, "பல்லு வலிக்குதாம்க்கா," என்றாள். டாக்டரிடம் கூட்டிப்போனால், கடைவாய்ப் பல் சீழ் வைத்திருந்தது. அதற்குப் பிறகு நான் அவளைக் கேட்காமல் அவர் விஷயத்தில் எதுவும் செய்ததில்லை.

வீட்டுக்காரர் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் இடத்தை ஃப்ளாட் கட்டுகிறவர்களிடம் கொடுத்தார்கள். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். திருவான்மியூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை என்று அலைந்தேன். யார் தங்கப்போகிறார்கள் என்று சொல்லும்வரை எல்லா வீடும் காலியாகத்தான் இருந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒருவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. மாடியில குழந்தைங்க இருக்காங்க," என்றார்.

கடைசியில் பெற்றவர்கள் எங்கள் கூடத்தில் கூடினார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது, ஒருவர் பக்கவாதத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். இல்லத்தை மூடிவிடலாம் என்று முடிவாயிற்று. "நாங்க செத்த பிறகு இவங்களுக்கு ஒரு இடம் வேணும்னுதான் இதை ஆரம்பிச்சோம்," என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். பாப்பா எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுதவருக்கு இரண்டு கொடுத்தாள்.

முதலில் போனவள் பாப்பாதான். அவளுடைய அண்ணன் காரோடு வந்தார். லீவுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வந்துருவேன்," என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டு ஏறினாள். அன்றிலிருந்து அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் ஊட்டினேன்.

அவரை அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க மயிலாப்பூர் போனேன். அவருடைய அக்கா என்னை உட்கார வைத்துவிட்டு, எதிரில் நின்றபடியே பேசினாள். "பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கோம். இவன் கூடத்துல உக்காந்துண்டு கையைத் தட்டிண்டிருந்தா வர்றவா என்ன நினைப்பா? நீயே சொல்லு." நான் எழுந்துகொண்டேன். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பெரிய விடுதியில் சேர்த்தோம். நானும் அக்காவும்தான் கூட்டிப்போனோம். திரும்பும்போது அவள் வழி முழுக்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். நீள ஹால், வரிசையாகக் கட்டில்கள். அண்ணாவின் தலையை மொட்டை அடித்திருந்தார்கள். கத்துகிறார், அதனால் மாத்திரை கொடுக்கிறோம் என்றார் அங்கிருந்தவர். இருந்தவர்கள் எத்தனையோ பேர், பார்த்துக்கொள்ள இரண்டு ஆள். அந்த ஊழியரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை.

நேராகத் தி.நகர் போய், பாப்பாவை ஒரு தரம் அண்ணாவிடம் அழைத்துப்போகிறேன் என்று கேட்டேன். அவளுடைய அண்ணி நல்ல மாதிரி. "வந்த புதுசுல அடையாறு போகணும்னு ஒரே அழுகைக்கா. இப்பத்தான் அடங்கியிருக்கா. மறுபடியும் கிளப்பி விடாதீங்க," என்றாள். நான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதில், கடைசியில் அவளுடைய அண்ணன் சரி என்றார்.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினோம். அண்ணாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தாம்பரம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். விடுதி வராந்தாவில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையில் பிஸ்கட்டை வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை, பிஸ்கட் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். அவருடைய முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றார் பாப்பா?" என்றேன்.

"தெரியலக்கா," என்றாள்.

திரும்பி வருகையில் ரயிலில் இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அண்ணா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய அக்கா போன் செய்தாள். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதையும் சொன்னாள்.

தி.நகருக்குப் போனேன். பாப்பா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். சொல்ல வேண்டாம் என்று அண்ணி கண்ணால் காட்டினாள். நான் சொன்னேன். "சரிக்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறு வருஷம் கடையை வேறு யாருக்கோ விற்றுவிட்டு அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் விலாசம் கேட்டேன். பாப்பா என்று ஒருத்தி அந்த வீட்டில் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.