பெடலுக்கு ஒரு பள்ளம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அவனியாபுரத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். அலுமினியத் தகட்டை அளந்து வெட்டி ரிவெட் அடிப்பது என் வேலை. நான் வெட்டிய தகடு பொருந்தாமல் திரும்பி வந்ததில்லை என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பட்டறைக்கு ஒரு படகு வந்தது. வைக்கோல் லாரியின் உச்சியில் கவிழ்த்துக் கட்டிய அலுமினியப் படகு. வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து பார்த்தோம். லாரியிலிருந்து இறங்கியவருக்கு என் வயதுதான் இருக்கும். முப்பது, முப்பத்தொன்று. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். கூடவே அவர் மனைவியும் இறங்கினார். எழுமலைப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் பிடிக்கிறவர்கள்.

"கை எப்படிங்க போச்சு?" என்று கேட்டேன். படகைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்டேன் என்பது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அவர் மறைக்கவில்லை. "கல்யாணத்துக்கு முந்தி, பாறைக்கு வைக்கிற தோட்டாவத் தண்ணியில போட்டு மீன் புடிச்சோம்ணே. திரி கட்டையா இருந்திருக்கு. எறியிறதுக்குள்ள வெடிச்சிருச்சு. எந் தப்புத்தேன்."

அரசு அலுவலகம் ஒன்று ஏலத்தில் கழித்துவிட்ட படகு அது. அதில் வைக்க அவர் ஒரு மோட்டாரும் கொண்டுவந்திருந்தார். மச்சான் கப்பலில் வேலை பார்க்கிறாராம். போர்வையில் சுற்றி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாராம். லாரி பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். படகின் மூக்கில் மாட்டினால் அடியில் சிறிய விசிறி தண்ணீரைத் தள்ளும். ஓட்டுவதற்குக் கை தேவையில்லை. தையல் மெஷின் மிதிபலகை மாதிரி ஒரு பெடல் இருந்தது. விரல் பக்கம் அழுத்தினால் படகு வலது பக்கம் திரும்பும், குதிகாலை அழுத்தினால் இடது பக்கம். பெடலின் ஓரத்தில் இருந்த பொத்தானை மிதித்திருக்கும்வரை மோட்டார் ஓடும்.

"பெறகு என்ன குறை?"

"பெடலு தரையிலருந்து நாலு விரக்கடை ஒசந்து நிக்கிதுண்ணே. ஒரு கால அதுமேல தூக்கி வச்சிக்கிட்டு வலைய இழுத்தா ஒத்தக் கால்ல நிக்கிறாப்புல ஆயிருது. ரெண்டு தரம் தண்ணிக்குள்ள விழுந்துட்டேன்."

"மூணு தரம்," என்றார் மனைவி.

தரையில் பள்ளம் வெட்டி, பெடலை உள்ளே இறக்கி, அதன் மேல்மட்டம் தரையோடு தரையாக இருக்கும்படி செய்து தர வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. ஏன் இத்தனை பாடு என்பதைப் பிறகுதான் சொன்னார்.

"எட்டு வருசமா இவதேன் துடுப்புப் போடுறா. வலத் தோளு எறங்கிப்போச்சு. இனிமே துடுப்பத் தொடவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. நா மட்டும் தனியாப் போயிட்டு வந்துட்டாப் போதும்ணே."

பஸ் வேலை கெடாமல் செய்துகொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். படகை விட்டுவிட்டு இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் நான் மட்டும்தான். படகின் முன்பக்கத்தில் அடித்தகட்டுக்கு மேலே, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி விட்டு, இன்னொரு தகடு தரையாகப் போடப்பட்டிருந்தது. பள்ளத்துக்கு ஆழம் தாராளம். வலது பக்கம் நின்று, செருப்புக் காலை வைத்துப் பார்த்து, கோடு போட்டு வெட்டினேன். வெட்டின இடத்தில் தகட்டுப் பெட்டி ஒன்றை இறக்கி ரிவெட் அடித்தேன். தண்ணீர் தேங்காமல் இருக்கப் பெட்டியின் அடியில் ஒரு துளை. வயர் போக ஒரு வாய். ஓரம் காலைக் கிழித்துவிடாமல் இருக்க பஸ் ஜன்னலுக்கு வைக்கும் ரப்பர் பீடிங்கைச் சுற்றிலும் செருகினேன். பெடல் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பழைய டயர்கள் மேல் படகை ஏற்றி, பேட்டரியை இணைத்து, வலைக்குப் பதிலாக ஒரு கயிற்றை ஷெட்டின் இரும்புத் தூணில் கட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"இழுங்க பாப்போம்."

வலது காலைப் பெடலில் வைத்து, வலது கையால் கயிற்றை இழுத்தார். இழுத்த மாத்திரத்தில் மோட்டார் விர்ரென்று சுற்றியது. கயிற்றைத் தளர்த்தினார், நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடியும் சுற்றியது.

"நல்லாத்தேன் இருக்குண்ணே," என்றார். "பழகிக்கிருவேன். படக ஏத்திருவோம்."

மனைவி கீழே நின்று அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லண்ணே," என்றார் என்னிடம். "வலக் கையில இழுக்கயில வலக் காலத்தேன் ஊனுவாரு. ஊனுனா மோட்டாரு ஓடத்தான செய்யும்? வலை ஒரு பக்கம் போகும், படகு ஒரு பக்கம் போகும். இடக் காலுதேன் அவருக்குச் சும்மா இருக்கும்."

"சும்மா இருடீ," என்றார் அவர். "அண்ணே லீவு நாள விட்டுட்டுப் பாத்துருக்காக."

எனக்கு முகம் சுண்டிப்போனது. நான் அளந்தது என் காலை. இரண்டு கையும் உள்ள ஒருவன் எப்படி நிற்பானோ அதற்குத்தான் வெட்டியிருந்தேன். அவரை ஒருமுறைகூட நிற்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அவரோ எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று, கோணலான ஒன்றை வாங்கிக்கொண்டு போகத் தயாராக நின்றார். தோட்டா போட்டவன்தானே என்று முதல் நாள் உள்ளுக்குள் நினைத்தவன் நான்.

"எறங்காதீங்க, அப்படியே நில்லுங்க," என்றேன்.

அவர் கயிற்றை இழுத்து இழுத்துக் காட்டினார். இடது கால் தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே அந்தக் காலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டேன். நேர் கீழே படகின் குறுக்குச் சட்டம் ஓடியது. அதை வெட்டினால் படகுக்குப் பலம் போய்விடும். "நாலு விரக்கடை பின்னால தள்ளுனா பரவால்லையா?" என்று கேட்டேன். நின்று பார்த்துவிட்டு, "அதுவும் சரித்தேன்," என்றார்.

பகல் முழுக்க வேலை நடந்தது. ரிவெட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால் ஒருவர் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். கூலியாளைத் தேட அவர் விடவில்லை. தரைக்கு அடியில் கையை நுழைத்து அவரே பிடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒற்றைக் கை அதிர்ந்தது, ஆனால் நகரவில்லை. "வலிச்சா சொல்லுங்கண்ணே," என்றேன். "அடிங்க அடிங்க," என்றார். வலது பக்கத்துப் பள்ளத்தைக் கழற்றி, அந்த ஓட்டையின் மேல் தகடு வைத்து மூடினேன். சாயங்காலம் அவர் மறுபடி நின்று கயிற்றை இழுத்தபோது மோட்டார் அசையவில்லை. இடது காலை லேசாக அழுத்தினார், சுற்றியது. மனைவி தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மாதம் கழித்து, பார்க்காமல் இருக்க முடியாமல், உசிலம்பட்டி போய் பஸ் மாறி அவர்கள் ஊருக்குப் போனேன். கண்மாய் நிறைந்து கிடந்தது. அவர் படகில் தனியாக நின்று, சத்தமில்லாமல், கருவேல மரங்களை ஒட்டி வளைந்து போனார். வலையை இழுத்தார், உடம்பு சாய்ந்தது, கால் வழுக்கவில்லை. மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"இம்புட்டு வருசம் பின்னாடி ஒக்காந்து துடுப்புப் போட்டேன். எனக்கு அவரு முதுகு மட்டுந்தேன் தெரியும்," என்றார். "மீனு விழுந்தா அவரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு இப்பத்தாண்ணே பாக்குறேன்."

அவர் படகைத் திருப்பிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். உண்மையிலேயே, சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

அந்த மோட்டார் இரண்டு வருஷம் ஓடியது. பிறகு உள்ளே ஏதோ பல்சக்கரம் உடைந்தது. மதுரையில் அதற்குச் சாமான் கிடைக்கவில்லை. கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்து போட்டும் பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. என்னால் முடியவில்லை என்று சொல்ல நானே ஊருக்குப் போனேன். அதற்குள் அவர் படகின் பின்பக்கம் நின்று, துடுப்பை அக்குளில் இடுக்கி, ஒற்றைக் கையால் தள்ளப் பழகியிருந்தார். மெதுவாகத்தான் போனது. மனைவி கரையில் தராசு வைத்து மீன் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தீக?" என்றார் அவர். "ரெண்டு வருசம் அவ தோளுக்கு ஓய்வு கெடச்சதுல்ல? இப்ப கையத் தூக்கித் தலை சீவுறாண்ணே."

சாப்பிடாமல் என்னை விடவில்லை. அன்று பிடித்த விரால், புளி கூட்டிக் காரமாக வைத்த குழம்பு. பரிமாறும்போது அந்தம்மாவின் வலது கை சோற்றுச் சட்டியை அலுங்காமல் தூக்கியதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.