இருபத்து நாலு புள்ளி நாலு

ஓட்டல் சலவைப் பிரிவில் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதால் வந்த பெயரல்ல, உடம்பால் வந்தது. நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்பத்து நாலு கிலோ. "நான் தள்ளுனா மிஷினே நகந்துடும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பேருந்து ஓட்டுநரான கணவர் ஒரு காலையில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து இறந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அழுகையும் வரவில்லை. விடுப்பு முடிந்ததும் வேலைக்கு வந்தார். படுக்கை விரிப்புகளை மடித்தார். வீட்டுக்குப் போய்த் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார்.

உடம்பு இறங்கத் தொடங்கியது. ஏழு மாதத்தில் சீருடையை இரண்டு முறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

"ஆளே மாறிட்டீங்கக்கா! என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள் இஸ்திரி போடுகிறவள். நாத்தனார் ஒரு படி மேலே போய், "அண்ணன் போனதுல இது ஒண்ணாவது நல்லது நடந்துச்சே அண்ணி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை.

படியேறினால் நெஞ்சு படபடத்தது. ஈர விரிப்புகளை அள்ளும்போது கை நடுங்கியது. துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டார்.

ஓட்டலில் ஆண்டுக்கொருமுறை நடக்கும் உடல் பரிசோதனைக்கு வந்த நர்ஸ் எடையைக் குறித்துக் கணக்குப் போட்டார்.

"அறுபத்தோரு கிலோ. பி.எம்.ஐ. இருபத்து நாலு புள்ளி நாலு. போன வருஷம் முப்பத்து மூணுக்கு மேல இருந்துச்சு. பதினெட்டரையிலேர்ந்து இருபத்தஞ்சுக்குள்ள இருந்தா சரியான எடை. சூப்பர்க்கா! என்ன டயட்?"

"டயட்டெல்லாம் இல்லம்மா."

"சாப்பாட்டக் கொறச்சீங்களா?"

"முன்னவிட ஜாஸ்தியாத்தான் சாப்பிடுறேன்."

நர்ஸின் பேனா நின்றது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது.

"எடைய உயரத்தோட ஒப்பிட்டுப் பாக்குறது மட்டும்தான்க்கா இந்த நம்பர். கரையுறது கொழுப்பா சதையா, ஏன் கரையுதுன்னு அதுக்குத் தெரியாது. ஒண்ணும் பண்ணாம இவ்ளோ எளச்சா அது நல்ல சேதி இல்ல."

"வீட்டுக்காரர் போயிட்டாரு. அதான்."

"அதுவாவும் இருக்கலாம். எதுக்கும் ரத்தத்தப் பாத்துடுவோம்."

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. டாக்டர் படம் வரைந்து விளக்கினார். துணைக்கு வந்த நாத்தனார்தான் அழுதார். பெரியக்கா மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மூன்று மாதத்தில் நடுக்கம் போனது. மறு ஆண்டு எடை அறுபத்தாறு. "இருபத்தாறு புள்ளி நாலு" என்றார் அதே நர்ஸ். "கோட்டக் கொஞ்சம் தாண்டிட்டீங்க. பரவால்ல. பிரஷர், சர்க்கரை, இடுப்புச் சுத்தளவு எல்லாம் பாத்துட்டேன், பயப்பட ஒண்ணுமில்ல. போன தடவைக்கு இப்ப நீங்க நல்லாவே இருக்கீங்க. மெதுவா நடக்க ஆரம்பிங்க, போதும்."

"ஐயையோ, திரும்ப வெயிட் போட்டுட்டீங்களேக்கா!" என்றாள் இஸ்திரி போடுகிறவள். பெரியக்கா அடுத்த விரிப்பை எடுத்து மடித்தார்.

படபடப்பு நின்றதும், துக்கம் என்று அவர் நினைத்திருந்ததில் பாதி காணாமல் போயிருந்தது. மீதிப் பாதியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு மாத்திரையும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வருகிறார். இருவரும் பள்ளி மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றுகிறார்கள். மூன்றாவது சுற்றில் நாத்தனாருக்கு மூச்சு வாங்கும். பெரியக்கா நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருப்பார்.